சரசுவின் ஈட்டியும் என் லென்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டேடியம் வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். கழுத்தில் கேமரா. அதன் மூக்கில் ஒரு சாணுக்கு மேல் நீளமாக ஒரு லென்ஸ். கையில் ஒற்றைக் கால் ஸ்டாண்ட்.

“சார் எந்தப் பேப்பர்ங்க?”

“பேப்பர் எல்லாம் இல்லீங்க. ஊட்டுக்காரம்மா விளையாடுறாங்க. போட்டோ எடுக்க வந்தேன்.”

என் நரைத்த தலையை ஒரு முறை பார்த்தார்.

“ஊட்டுக்காரம்மாவா… பேத்திங்களா?”

“ஊட்டுக்காரம்மாதானுங்க. ஈட்டி எறியறாங்க.”

மனிதர் ஒரு அடி விலகி வழி விட்டார். கை நெற்றி வரைக்கும் போய் வந்தது. சல்யூட் அடித்தாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. சல்யூட் என்றே எடுத்துக்கொண்டேன்!

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு அறிமுகம். என் மனைவி சரசுவுக்கு நாற்பத்தெட்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாக செக்கிங். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் பிடிக்கிற வேலை. குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் கப்பல் ஏறாது. அவள் ஹேண்ட்பேக்கில் சீப்பு இல்லாத நாள் உண்டு. ஸ்டிக்கர் இல்லாத நாள் கிடையாது.

நான்கு வருடம் முன்பு கம்பெனி ஸ்போர்ட்ஸ் டேயில் விளையாட்டாக ஈட்டியை எடுத்தாள். ஸ்கூலில் எறிந்த கை… மறக்கவில்லை. அங்கே வந்திருந்த பி.டி. வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்க மூத்தோர் தடகளத்துக்கு வரோணுமுங்க” என்று பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பக்கத்து ஊரான மங்கலத்தில் ஒரு ஸ்கூல் கிரவுண்டில் பிராக்டிஸ்.

மாநிலப் போட்டிக்கு இரண்டு முறை போனாள். முதல் மூன்று பேர் தேசியப் போட்டிக்குப் போகலாம். இரண்டு முறையும் சரசு நான்காவது!

நான்காவது இடம் எவ்வளவு கொடுமை தெரியுமா? பத்தாவதாக வந்தால்கூடச் சிரித்துக்கொண்டே டிபன் சாப்பிடலாம். இரண்டாவது முறை திரும்பி வரும்போது பஸ்ஸில் டிபன் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள். இறங்கும்போதுதான் சொன்னாள். “இன்னும் ஒரே ஒரு தடவைங்க. அப்பவும் நாலாவதுன்னா ஈட்டியை வாத்தியார்கிட்டயே குடுத்துருவேன்.”

வாத்தியாருக்கும் கவலை. “கை விடற நேரத்துல எங்கியோ ஏதோ தப்பு நடக்குதுங்ணா. கண்ணுக்குச் சிக்க மாட்டேங்குது. தெளிவா ஒரு போட்டோ இருந்தா புடிச்சிரலாம்” என்றார். போனில் எடுத்துப் பார்த்தோம். விடிகாலை வெளிச்சம், தூரம்… சரசு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். பக்கத்தில் போய் எடுக்கலாமே என்பீர்கள். பறக்கிறது ஈட்டிங்க! பாதுகாப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் வாத்தியார் விசில் ஊதுவார்.

சரி, வீட்டில் ஒரு கேமரா சும்மா கிடக்கிறதே, தூரத்தை இழுக்கிற லென்ஸ் ஒன்று வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். மூன்று நாள் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். நானூறு எம்.எம்., ஐந்நூறு எம்.எம். என்று ஏறிக்கொண்டே போனார்கள். அறுநூறு வரை இழுக்கிற ஒரு ஜூமை ஆர்டர் போட்டேன். பெரிய நம்பர்தானே நல்ல நம்பர்? வந்து இறங்கியது. நல்ல கனம். அம்மிக்குழவியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மங்கலம் போனேன்.

எடுத்த படங்களைச் சாயங்காலம் டிவியில் போட்டுக் காட்டினேன். படம் முழுக்க ரவை தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

“ஏனுங்க, என் கையைக் காணமுங்க” என்றாள் சரசு.

உண்மைதான். தோளுக்கு மேல் ஒரு புகை. ஈட்டியும் அந்தப் புகைக்குள்ளேயே போய்விட்டது.

“ரிஜெக்ட்டுங்க” என்றாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்…

“வாங்கறதுக்கு முன்னாடி சாம்பிள் பாத்தீங்களா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் நான் இருபது வருடம் இதே ஊரில் மெர்ச்சண்டைசராக இருந்தவன். வெளிநாட்டில் துணி வாங்குகிற பையருக்குக் கலருக்கு ஒரு சாம்பிள், அளவுக்கு ஒரு சாம்பிள், துவைத்துக் காட்ட ஒரு சாம்பிள் என்று அனுப்பி அனுப்பியே தலை நரைத்தவன். அப்ரூவல் வராமல் ஒரு மீட்டர் துணியை வெட்ட விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவன் வீடியோவைப் பார்த்து லென்ஸ் வாங்கியிருக்கிறேன். திருப்பூர்க்காரன் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

நல்லவேளை, திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சரசுவே என்னை ரஹீம் பாய் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாய் பனியன் கம்பெனிகளுக்கு கேட்டலாக் போட்டோ எடுத்தவர். இப்போது கேமரா, லென்ஸ் எல்லாம் வாடகைக்கும் விடுகிறார், பழசு வாங்கியும் விற்கிறார். நான் எம்.எம். கணக்கை ஆரம்பித்தேன். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அண்ணா, ரெண்டே கேள்விங்க. எத்தனை தூரத்துல நிப்பீங்க? எத்தனை மணிக்கு எடுப்பீங்க?”

நான் சரசுவைப் பார்த்தேன். சரசு ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள்.

“கயித்துல இருந்து எறியற கோட்டுக்கு முப்பத்தஞ்சு மீட்டருங்க பாய். வாத்தியார் டேப்லயே அளந்துட்டேன். பிராக்டிஸ் காலைல ஆறு மணிக்கு, வெளிச்சம் கம்மி. போட்டி நல்ல பகல்ல.”

பாய் சிரித்தார். “அண்ணா, நீங்க அப்படி ஓரமா உக்காந்து டீ சாப்பிடுங்க. நான் அக்காகிட்டப் பேசிக்கறேன்.”

டீ குடித்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான். எம்.எம். நம்பர் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைச் சொல்லும். வெளிச்சம் எவ்வளவு உள்ளே வரும் என்பதைச் சொல்ல இன்னொரு நம்பர் இருக்கிறது. நான் வாங்கிய ஜூமில் வெளிச்சம் நுழைகிற வாசல் சின்னது. வெயிலில் பறவை எடுக்கலாம். விடிகாலையில் ஈட்டி எடுக்க முடியாது. “ஓடறவங்க, எறியறவங்களை எடுக்க ஷட்டர் வேகம் நொடியில ஆயிரத்துல ஒரு பங்காவது இருக்கோணுமுங்க. அதுக்கு வெளிச்சம் வேணும். வெளிச்சத்தை விட்டுட்டு நம்பரை மட்டும் பாத்தா எப்படிங்க?” என்றார் பாய்.

“ரெண்டு லென்ஸ் சாம்பிளுக்குக் குடுங்க பாய்” என்றாள் சரசு. வாடகைக்கு என்று சொல்லவில்லை. சாம்பிளுக்கு!

முதல் ஞாயிறு, இருநூறு வரை இழுக்கிற வெள்ளை லென்ஸ். வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு வந்தது. கை தெரிந்தது, ஈட்டி தெரிந்தது. ஆனால் மைதானம், மரம், வாத்தியார் சைக்கிள் எல்லாம் தெரிந்ததில் சரசு சின்னதாக நின்றாள். படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உதிர்ந்துபோனாள்.

இரண்டாவது ஞாயிறு, முந்நூறு எம்.எம். பழைய லென்ஸ். ஜூம் கிடையாது. இழுக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. ஆனால் கனம் குறைவு, வாசல் பெரிது. கேமராவைக் குத்தாகப் பிடித்தால் சரசு தலை முதல் கால் வரை கச்சிதமாக அடங்கினாள். ஈட்டியின் வால் வெளியே போனது… போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் டிவியில் போட்டதும் சரசு எழுந்து பக்கத்தில் போனாள். பனியன் பார்க்கிற அதே பார்வை. கழுத்து, தோள், கை, இடுப்பு என்று மேலிருந்து கீழே வந்தாள். ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து டிவியில் தன் இடது முழங்காலில் ஒட்டினாள்.

“டிஃபெக்ட் இங்கதானுங்க. ஈட்டியை விடறப்போ இந்தக் கால் விறைப்பா நிக்கோணும். மடங்குது பாருங்க. எல்லாப் போட்டோவுலயும் மடங்குது. மேஜர் டிஃபெக்ட்டு.”

வாத்தியாருக்கு அனுப்பினோம். அவர் போனிலேயே கத்திவிட்டார். “அதேதானுங்க அக்கா! இத்தனை நாளா இது என் கண்ணுல படவே இல்லியே!”

உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? அடுத்தவர் தப்பில் ஸ்டிக்கர் ஒட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தன் முழங்காலிலேயே ஒட்டிக்கொண்ட ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. சொல்லவில்லை. சொன்னால் காபி ஆறிவிடும் என்பாள்.

அந்தப் பழைய லென்ஸையே வாங்கினோம். அதற்கும் செக்கிங் உண்டு. பாய் டார்ச் அடித்து, கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா பார்க்கச் சொன்னார். சரசு பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உள்ள மூணு தூசி இருக்குதுங்க பாய். பூஞ்சை இல்லை. மைனர்தான். பாஸ்.” பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருக்கே இரண்டுதான் தெரிந்ததாம்.

அப்புறம் இரண்டு மாதம் இடது காலோடு போராட்டம். கம்பெனியில் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே காலை விறைத்துப் பழகுகிறாள் என்று சூப்பர்வைசர் எனக்கே போன் போட்டுச் சிரித்தார். மிச்சம் விழுந்த எக்ஸ்போர்ட் துணியில் கம்பெனி டெய்லர் ஒருவர் அவளுக்கு ஜெர்சி தைத்துக் கொடுத்தார்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன ஸ்டேடியம், மூன்றாவது மாநிலப் போட்டி. கயிற்றுக்கு வெளியே ஸ்டாண்டை ஊன்றி நின்றேன். ஆறு எறி. ஐந்து முடிந்தபோது சரசு எந்த இடம் என்று நினைக்கிறீர்கள்?

நான்காவது!

சரசு என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து இடது முழங்காலை ஒரு தட்டு தட்டினாள். ஓடி வந்தாள். நான் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். ஈட்டி போனது… போய்க்கொண்டே இருந்தது. பின்னால் வாத்தியார் அலறினார், “கால் நின்னுருச்சு! அக்கா, கால் நின்னுருச்சு!”

இரண்டாவது இடம். சரசு தேசியப் போட்டிக்குப் போகிறாள்!

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். கேமராவின் கண் ஈரமாக இருந்தது, துடைத்தேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் டிவியில் போட்டேன். அப்படி ஒரு போட்டோ! முதலில் அந்தக் கால். தூண் மாதிரி நிற்கிறது. நரம்பு புடைத்த கழுத்து, விரலை விட்டு அப்போதுதான் கிளம்பிய ஈட்டி. பாராட்டுக்காகக் காத்திருந்தேன். சரசு எழுந்து போய் மேலிருந்து கீழே பார்த்தாள். பார்வை முழங்காலில் கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி மேலே போனது. ஹேண்ட்பேக்கைத் திறந்தாள்.

ஸ்டிக்கர் ஒட்டிய இடம், அக்குள்.

“ஓவர்லாக் தையல் விட்டிருக்குதுங்க. ஒரு இன்ச்சு பிரிஞ்சு நிக்குது பாருங்க. லென்ஸ் பாஸ். ஜெர்சி ரிஜெக்ட்டு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்த பீஸை செக் பண்ணி அனுப்புனது யாரு? அந்தப் புண்ணியவதி பேரைச் சொல்லு!”

சரசு திரும்பினாள். முகத்தில் ஸ்கூல் பிள்ளை மாட்டிக்கொண்ட சிரிப்பு.

“நான்தானுங்க.”

“நீயா!”

“அன்னைக்குக் கை பீஸ்ல இருந்துச்சு. மனசு கிரவுண்டுக்குப் போயிருச்சுங்க.”

பதினெட்டு வருடமாக ஊர் உலகத்துக்குப் பனியன் பார்த்தவள், ஒரே ஒரு நாள் தனக்காக மனதை வெளியே அனுப்பியிருக்கிறாள். அந்தத் தையலைப் பிரித்து மறுபடி தைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியாயிற்று, அக்குள் ஸ்டிக்கரோடு.

லென்ஸ் பாஸ், ஜெர்சி ரிஜெக்ட். சரசு… சந்தேகமில்லாமல் எக்ஸ்போர்ட் குவாலிட்டி!