குழாய்க்காரர் வாங்கிய பழைய ஃபோர்க்

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. குழாய்க்காரர் என்றால்தான் வழி காட்டுவார்கள். ஒழுகும் குழாயைப் பழுது பார்ப்பவர் என்று நினைத்து வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களும் உண்டு. அவர் வேலை அது இல்லை. மலைமேல் இருக்கும் அணையிலிருந்து கீழே சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் வரும் பெரிய இரும்புக் குழாயைப் பார்த்துக்கொள்பவர். பதினொரு கிலோமீட்டர் குழாய், அதை ஒட்டியே ஒரு மண்பாதை. காலையில் அலுவலக லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போவார். குழாயைப் பார்த்தபடியே சைக்கிளில் இறங்கி வருவார். மோட்டார் வண்டி கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். இஞ்சின் சத்தத்தில் தண்ணீர் கசியும் சத்தம் கேட்காதாம்.

கல்யாணமான புதிதில் அவர் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். இரண்டே வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார். சாப்பாடு இறங்காது, பேச்சு கிடையாது. ஒருநாள் தானாகவே எழுதிக் கொடுத்து மலைக் குழாய்க்கு மாற்றல் வாங்கி வந்தார். நிழலில் உட்கார்ந்து வாங்கும் சம்பளத்தை விட்டுவிட்டு வெயிலுக்குப் போகிறாரே என்று நான் திட்டினேன். நான் திட்டினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அவர் அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம்தான் கை மரத்துப்போக ஆரம்பித்தது. அவர் சைக்கிளில் அதிர்வு தாங்கும் ஃபோர்க், அதாவது சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை, முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின்னால் ஒன்றும் கிடையாது. அந்த முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் துருவேறி இறுகிப்போயிருந்தன. பாதையில் உள்ள ஒவ்வொரு கல்லும் நேராக மணிக்கட்டில் வந்து இடித்தது. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக உணர்ச்சி குறைந்தது. அலுவலக டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த மாதப் பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் மறுபடி பில் கவுண்டர்தான் என்று சொல்லிவிட்டார்.

"கவுண்டருக்குப் போனா நான் செத்துடுவேன்மா" என்றார் வீட்டுக்கு வந்து. காய்கறி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மறுநாளே சைக்கிள் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி விவரமானவர். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு உயிரே இல்லக்கா, மாத்தித்தான் ஆகணும்" என்றார். விலை குறைந்த புது ஃபோர்க் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே வெறும் ஸ்பிரிங். நான் அழுத்திப் பார்த்தேன். கட்டை மாதிரி நின்றது, பிறகு துள்ளியது.

"இது பூங்காவுல சுத்துறவங்களுக்குக்கா. சாரோட கைக்கு காத்து அடைச்ச ஃபோர்க் வேணும். எடைக்கு ஏத்த மாதிரி காத்தைக் கூட்டிக் குறைச்சுக்கலாம்."

காற்று ஃபோர்க்கின் விலையைக் கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம்.

"பழசுல நல்லது கிடைக்கும்" என்றார் தம்பி. "சக்கர அளவு பாருங்க, பிரேக் மாட்டுற இடம் பாருங்க, கால்ல கீறல் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் விட முக்கியம், மேல ஹேண்டில்பாருக்குள்ள போற இந்தக் கழுத்துக் குழாய். ஒவ்வொருத்தரும் அவங்க வண்டிக்குத் தக்கபடி அறுத்திருப்பாங்க. உங்களுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் வேணும். குறைஞ்சா சும்மா குடுத்தாக்கூட தொடாதீங்க. மேல இருக்கிற மூடி எதையும் பிடிக்காது சார். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கவ்வியில, பக்கவாட்டுல மேலயும் கீழயும் இருக்கிற ரெண்டு போல்ட்டும் குழாயைக் கவ்வணும், அதுதான் உயிர். குழாய் முனை மட்டும் லேசா உள்வாங்கி இருக்கும், அது சரிதான்."

மூன்று வாரம் தேடினார். ஒன்றில் எண்ணெய் ஒழுகியது, ஒன்றுக்குச் சக்கரம் பொருந்தவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஊர் உலகத்துல இல்லாத ஃபோர்க்கா தேடுறீங்க? நாள் எண்ணிக்கிட்டு இருக்காங்க அங்க!" என்று கத்தினேன். பரிசோதனைக்கு ஆறு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து வருகிற வழியிலேயே ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு மாணவன் விற்ற காற்று ஃபோர்க். அழுத்தினால் மெத்தென்று இறங்கி, சத்தமில்லாமல் மேலே வந்தது.

"கழுத்துக் குழாய் அளந்தீங்களா?"

"அளக்காம வாங்குவேனா? பதினெட்டு, சரியா இருக்கு."

சாயங்காலமே அவர் கையால் மாட்டினார். ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கி, காற்று அடைத்து, தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். சாப்பிடும்போது, "குழாய் கொஞ்சம் உள்ளதான் தள்ளி உட்கார்ந்திருக்கு. அப்படித்தான் இருக்கும்னு கடைத்தம்பியும் சொன்னார்ல" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

காலையில் ஆறு மணிக்கு அவர் லாரி ஏறிப் போனார். நான் ஏழு மணி சுமாருக்குத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். தையல்தான் என் தொழில். பள்ளிக்கூடச் சட்டை ஒன்று வெட்ட வேண்டியிருந்தது. அளவு நாடாவை எடுத்தேன். பதினெட்டாவது கோட்டின் மேல் கறுப்பாகக் கிரீஸ், அவர் கட்டைவிரல் தடம். ஃபோர்க்கை அளக்க இதையேதான் எடுத்துப் போயிருக்கிறார். துணி பாழாகிவிடுமே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வரட்டும், இந்த மனுஷனை ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று நினைத்தபடியே நாடாவைத் துடைத்தேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

அந்த நாடாவின் முனை இஸ்திரிப் பெட்டியில் பட்டுக் கருகி ஒரு வருஷம் ஆகிறது. கருகிய ஒரு சென்டிமீட்டரை நானே கத்தரித்து எறிந்தேன். புது நாடா வாங்கச் சோம்பல். எதை அளந்தாலும் ஒன்றைக் கழித்துத்தான் எழுதுவேன், கை பழகிவிட்டது. அவரிடம் இதைச் சொன்னதே இல்லை. அவர் எதற்கு இதைத் தொடப்போகிறார் என்று இருந்துவிட்டேன்.

அப்படியானால் அந்தக் குழாய் பதினேழுதான். உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்றாரே, அது லேசாக அல்ல. பக்கவாட்டுப் போல்ட் இரண்டில் மேலே உள்ளது வெறும் காற்றைக் கவ்விக்கொண்டிருக்கிறது.

அவருக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் மூன்று தடவை போட்டேன். பிறகு கடைத்தம்பிக்குப் போட்டேன். தூக்கக் குரலில் எடுத்தவர், நான் சொல்லி முடிப்பதற்குள் விழித்துவிட்டார்.

"அக்கா, முன் பிரேக்கை வேகமா அழுத்தினா மொத்த பாரமும் அந்த ஒரு போல்ட்டுக்கு வரும். ஹேண்டில்பார் கையோட வந்துடும். இறக்கத்துல வச்சுக் கத்தி நிறுத்திடாதீங்க. தானா வேகம் குறையிற இடத்துல நிறுத்துங்க."

பக்கத்து வீட்டம்மாவின் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேனா, பிடுங்கினேனா என்று இப்போதும் நினைவில்லை. குழாய்ப் பாதையில் மூன்று பெரிய இறக்கங்கள். இரண்டாவது முடிகிற இடத்தில் தார்ச்சாலை குறுக்கே போகும், கொஞ்சம் சமதளம். அதைத் தாண்டினால் மூன்றாவது, பாறைப் படிகளாக இறங்குவது, ஒரு பக்கம் ஓடை. மூன்றாவதில் அவர் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியேதான் இறங்குவார் என்று எனக்குத் தெரியும். முதல் இறக்கத்தை இந்நேரம் கடந்திருப்பார். கடந்திருக்க வேண்டும்.

அந்தச் சமதளத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பாதையில் யாரும் இல்லை. மண்ணைக் குனிந்து பார்த்தேன், புது டயர்த் தடம் இல்லை. அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. இன்னும் வரவில்லை, அல்லது இனி வரமாட்டார். நல்லதை நினை, நல்லதை நினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது இறக்கத்தின் உச்சியில் அவர் தலை தெரிந்தது.

என் தொண்டை வரை வந்துவிட்டது, நிறுத்துங்க என்கிற சத்தம். முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். அவர் வேகமாக வந்தார். கற்கள் மேல் சக்கரம் ஏறி இறங்குவதும் ஃபோர்க் உள்ளே போய்வருவதும் தெரிந்தன. பாதி வழியில் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. நடுவழியில் நான் வந்து நிற்கிறேன் என்றால் வீட்டில் ஏதோ கெட்ட செய்தி என்றுதானே நினைப்பார்? அவர் விரல்கள் பிரேக்கின் மேல் நீண்டன. நான் சட்டென்று முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தேன். கையை மெதுவாக ஆட்டினேன், சந்தைக்கு வந்தவள் தெரிந்தவரைப் பார்த்துக் கையாட்டுவதுபோல. அந்தச் சிரிப்பைச் சிரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விரல்கள் தளர்ந்தன. சைக்கிள் சமதளத்துக்கு வந்தது. மணலில் வேகம் குறைந்து, உருண்டு, உருண்டு, என்னிடமிருந்து பத்தடியில் அவர் காலை ஊன்றி நின்றார். நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. முதல்ல இறங்குங்க."

இறங்கினார். நான் மூச்சு வாங்குவதற்குள் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டி விரல்களை மடக்கி விரித்தார். "இங்க பாரு! ரெண்டு இறக்கம் தாண்டியாச்சு. ஒரு விரல்கூட மரத்துப்போகல!" ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம் அது.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாடா விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் நம்பவில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளிப் பார்த்தார். டொக்கென்று ஒரு சத்தம். ஹேண்டில்பார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டாவது தடவை தள்ளியதும் இன்னும் சாய்ந்தது. அவர் திரும்பி மூன்றாவது இறக்கத்தைப் பார்த்தார். அப்படியே இரும்புக் குழாயின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் திட்டுங்க" என்றேன்.

திட்டவில்லை. "அஞ்சு நாள்தான் இருக்கு" என்றார்.

"அஞ்சு நாளும் நடந்தே இறங்குங்க. கை ஆறும். நானும் கூட வரேன்."

"மூணு மணி நேரம் ஆகும்மா."

"ஆகட்டும். மிஷின் எங்கயும் ஓடிப்போயிடாது."

எழுந்தார். மீதிக் குழாயைப் பார்க்க வேண்டும் அல்லவா? சைக்கிளை நிமிர்த்தினார். தள்ளுவதற்கு முன்னால், ஃபோர்க்கின் தோள்மேல் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினார். அது மெதுவாக இறங்கி, மெதுவாக மேலே வந்தது.

"நல்ல ஃபோர்க்கும்மா. ரெண்டு இறக்கம் வலியே இல்லாம வந்தேன்" என்றார்.

அதுவரை அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் எனக்கு அப்போதுதான் வெளியே வந்தது.