வயிற்றில் வைத்த எலும்பு

என் தம்பி மனைவி சுகுணாவின் மண்டையோட்டில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று நான்கு மாதம் அவள் வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்தது. கோயம்புத்தூரில் அறுவை செய்த டாக்டர்கள் அங்கே வைத்தார்கள். அடிபட்டு வீங்கிய மூளைக்கு இடம் வேண்டும் என்று இடப்பக்கத்து எலும்பை எடுத்தவர்கள், அது கெட்டுப்போகாமல் இருக்க அவள் உடம்பிலேயே பத்திரப்படுத்தினார்கள். வீக்கம் வடிந்ததும் திரும்பப் பொருத்திவிடலாம், மூன்று மாதத்தில் வந்துவிடுங்கள் என்றார்கள். தள்ளிப்போட்டால் வயிற்றில் இருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்றும், அதுவரை அந்தப் பக்கம் ஒரு சின்ன அடிகூடப் படக்கூடாது என்றும் எச்சரித்து அனுப்பினார்கள்.

என் தம்பி பாலமுருகன் அந்த விபத்தில் போய்விட்டான். ஊட்டிக்குப் பக்கத்து இத்தலாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் பைக்கில் எமரால்டு ஊர்ப் பக்கம் இருக்கும் தேயிலை எஸ்டேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூடுபனி. வளைவில் காட்டெருமை நின்றிருக்கிறது. ஹெல்மெட் அவன் தலையில் இருந்தது. அடி நெஞ்சில் பட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த சுகுணாவின் தலையில் கம்பளி மப்ளர் மட்டும்தான். அவள் பிழைத்தாள்.

அவளுக்கு நினைவு திரும்பியபோது அவனைப் புதைத்த இடத்தில் மழை பெய்து மண் இறங்கியிருந்தது. நான்தான் சொன்னேன். "சரி மதினி" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எப்படி, எப்போது, யார் யார் வந்தார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, ஊருக்கு வந்த பிறகும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் வாய் ஓயாதவள் சுகுணா. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள். அவள் இங்கே பிறந்து, பத்தாவது முடித்து, பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடை மாட்டினாள். மலைச்சரிவில் அவள் நிற்கும் வரிசையிலிருந்துதான் எப்போதும் சிரிப்புச் சத்தம் வரும் என்று என் தம்பி சொல்வான். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தானாம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுகிற எல்லாப் பெண்களுக்கும் போல அவளுக்கும் உச்சிக்கு முன்னால் முடியில் ஒரு பாதை விழுந்திருந்தது. அறுவைக்காக மழித்த பிறகு பார்த்தால், அது முடியோடு போகிற பாதை இல்லை. வலது காதின் மேலிருந்து மங்கலான ஒரு தடம் தலைமேல் ஏறி, இடப்பக்கம் வந்து, எலும்பு முடிகிற இடத்தில் தானும் நின்றுபோயிருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் ஊட்டியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை, தனி ஆள். லீவு போட்டுவிட்டு, எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவளுடையதற்கு வந்து தங்கினேன்.

முதல் வாரம் பார்க்க வந்த பெண்கள் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருத்தி அவள் வயிற்று மேட்டைப் பார்ப்பதும் கண்ணைத் திருப்புவதுமாக இருந்தாள். சுகுணாதான் ஆரம்பித்தாள்.

"நல்லாப் பாருங்கடி. இனிமே பசிச்சா வகுறே யோசிச்சுக்கும். மண்டைக்கு வேல மிச்சம்."

சிரித்துவிட்டு எல்லோரும் அழுதார்கள். அவள் மட்டும் அழவில்லை.

அடுத்த வரிசையில் இருக்கும் கருப்பம்மா அந்த வாரம்தான் வந்தாள். வேலையிலிருந்து நின்று சில வருடமாகிறது. லைனில் பிறக்கிற குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவள்தான். இலங்கையில் ஹட்டன் பக்கம் பிறந்தவள்; இங்கே வந்து ஐம்பது வருடம் ஆகியும் 'முடியாது' என்று சொல்லமாட்டாள், 'ஏலாது' என்பாள். யாரையும் கேட்காமல் சுகுணாவின் பின்னால் உட்கார்ந்து, குழந்தையின் தலையைப் பிடிக்கிற மாதிரி ஒரு கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டு, மறு கை விரல்களை எலும்பு இல்லாத அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தாள். வைத்தது தெரியாத அளவுக்கு வைத்தாள்.

"துடிக்குது" என்றாள். "பச்சப் புள்ளைக்குத் துடிக்கிற மாதிரியே துடிக்குது. இது உச்சிக்குழிதான் புள்ள. புள்ளைகளுக்கு மூடலையா? உனக்கும் மூடும். திரும்ப எதுக்குக் கத்தி?"

உச்சிக்குழி பள்ளம் விழுந்தால் குழந்தைக்குத் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். சுகுணாவின் பள்ளத்தைப் பார்த்து அவளுக்கும் தண்ணீர் போதவில்லை என்று கருப்பம்மா முடிவு கட்டினாள். தினமும் ஒரு தூக்குப்பாத்திரம் நிறையக் கஞ்சி வந்தது. படுத்தால் அந்த இடம் கொஞ்சம் மேலே வரும், இருமினால் இன்னும் வரும். அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, கஞ்சி வேல செய்யுது" என்பாள். எண்ணெய் வைத்துத் தேய்க்கவேண்டும் என்றபோது மட்டும் நான் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். டீச்சருக்குக் கோபம் வருது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை சுகுணாவை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு மண்டையோட்டுப் பாடத்தை அவரவர் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் நடத்துவேன். அதேபோல் அவள் விரலைப் பிடித்து என் தலையில் வைத்தேன். புருவத்துக்கு மேலே உள்ள மேடு. அதன் ஓரமாக வந்தால் இறங்குகிற நெற்றிப்பொட்டு. அங்கேதான் எலும்பு மெல்லியது, பல்லைக் கடித்தால் உள்ளே தசை அசைவது தெரியும். கீழே கன்ன எலும்பு, அது காது வரை ஓடுகிற பாலம். காதுக்குப் பின்னால் தொங்குகிற குமிழ். பின்னால், நட்ட நடுவில், பிடரி மேடு.

"உங்களுக்கு இவ்வளவு பெரிய மேடா மதினி? அதான் தலகாணி குழி விழுது" என்றாள்.

பிறகு அதே வழியில் அவள் தலையில் அவள் விரலைக் கொண்டுபோனேன். வலப்பக்கம் எல்லாம் இருந்தது. இடப்பக்கம் புருவ மேடு இருந்தது, கன்ன எலும்பு இருந்தது, காதுக்குப் பின்னால் குமிழ் இருந்தது. நெற்றிப்பொட்டுக்கு மேலே விரல் ஓர் ஓரத்தில் தட்டி, மெத்தென்று இறங்கியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். குழந்தையின் எலும்புகள் இன்னும் வளர்ந்து ஒன்றையொன்று தேடி வருபவை, அதனால் மூடுகிறது. பெரியவர்களுக்கு இவ்வளவு பெரிய இடைவெளி தானாக மூடாது என்றேன்.

"கருப்பம்மாக்கா எத்தன தல பாத்திருக்கு" என்று எழுந்துபோய்விட்டாள்.

மூன்றாம் மாதம் கோயம்புத்தூருக்குப் போகவேண்டிய நாள் வந்தது. அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அவள் வரவில்லை. சொன்ன நாளைவிட நாள் கூடிக்கொண்டே போனது. தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். பந்து விளையாடுகிற சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாள். வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக, ஒரு கையால் இடப்பக்கத்தைக் காத்துக்கொண்டே நடக்கிற பெண் இன்னும் எத்தனை நாள் அப்படி நடப்பாள் என்ற கவலை எனக்கு. கருப்பம்மாமேல் எனக்கு இருந்த கோபத்தை எப்படி அடக்கினேன் என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ராஜப்ரியாவுக்கு அந்தச் சமயம் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாரம் இரண்டு தடவை கருப்பம்மா வந்து குளிப்பாட்டுவாள். கால்களை நீட்டி உட்கார்ந்து, அதன் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். அருகில் ஒரு பலகையில் சுகுணா உட்கார்ந்து சோப்பு எடுத்துக் கொடுப்பாள். அது முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டு, கருப்பம்மா சுகுணாவின் தலையையும் தொட்டுப் பார்ப்பாள். முதல் குளியலிலிருந்தே அது வழக்கமாகிவிட்டது. சுகுணா அந்த விரல்களுக்காகவே காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

அன்று நானும் ராஜப்ரியாவும் துண்டோடு நின்றிருந்தோம். குழந்தையின் பின்னந்தலையில் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்த கருப்பம்மாவின் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பத் திரும்ப அங்கேயே போனது. பிறகு குழந்தையை ராஜப்ரியாவிடம் கொடுத்துவிட்டு, சுகுணாவின் மப்ளரை அவிழ்த்து, பள்ளத்தின் விளிம்பு முழுவதும் விரலால் மெதுவாக ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்றும் வந்தாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"புள்ள, அந்தக் குட்டிக்குப் பின்னால ஒரு சின்னக் குழி இருந்துச்சு. பொறந்தப்ப என் விரல் நுனி எறங்கும். இன்னைக்குத் தேடுனேன், இல்ல. மூடிருச்சு. ஒவ்வொரு கிழமையும் ஓரம் கிட்டக் கிட்ட வந்துச்சு. உன்னோடது ஒரு நூலு நகரல. மொத நா எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கு. நான் சொன்னது தப்பு. உனக்கு அது தானா மூட ஏலாது. போய் உன் எலும்ப வாங்கி மாட்டிக்க."

என் பக்கம் அவள் திரும்பவில்லை. அவளை எவ்வளவு தவறாக நினைத்திருந்தேன் என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

சுகுணா மப்ளரைச் சுற்றாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அதைச் சொன்னாள்.

"மூடாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. மதினி அன்னைக்குச் சொன்னப்பவே தெரியும். ஆனா அங்க போனா மயக்க ஊசி போடுவாங்க. போன வாட்டி நான் தூங்கி எந்திரிச்சப்ப அவரு இல்ல. இந்த வாட்டி எந்திரிச்சா யாரு இருக்க மாட்டீங்க?"

குழந்தை துண்டுக்குள் ஏதோ முனகியது. கருப்பம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"போறதுன்னா வரிசையில மொத ஆளு நாந்தான். நான் வந்து அந்தக் கதவுகிட்டயே குந்திக்கிறேன். எமன் வந்தா என்னத் தாண்டித்தான் உங்கிட்ட வரணும். எனக்கு வேற என்ன வேலவெட்டி?"

நானும் வருவேன் என்றேன். சுகுணா என்னை நீண்ட நேரம் பார்த்தாள். அவள் கண் விழிக்கும் வரை நாங்கள் ரோட்டைத் தாண்டக்கூடாது, டீ குடிக்கக்கூட வெளியே போகக்கூடாது, பைக் பக்கமே போகக்கூடாது என்று நிபந்தனை போட்டாள். ஒத்துக்கொண்டோம்.

கருப்பம்மா இந்த மலைக்கு வந்த பிறகு அதிகம் கீழே இறங்கியதில்லை. பஸ் வளைவுகளில் வழி நெடுக வாந்தி எடுத்தாள். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெயில் வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னால் கேட்கவில்லை. அறுவை நடந்த முற்பகல் முழுவதும், வியர்த்து ஊற்ற, அந்த ஸ்வெட்டரோடுதான் அறுவைக்கூடக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பெஞ்சிலிருந்து கதவு சரியாகத் தெரியவில்லை என்றாள். எலும்பு ஓரத்தில் கொஞ்சம் கரைந்திருந்தது, ஆனாலும் நன்றாகப் பொருந்திவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னபோது, "ஓரமெல்லாம் சேந்துச்சா?" என்று கேட்டாள். சேர நாளாகும் என்றார் அவர். அது தெரியும் என்று தலையாட்டினாள்.

மறுநாள் எங்களை உள்ளே விட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. கண் திறக்காமலே சுகுணா ஒரு கையை நீட்டினாள். என்ன வேண்டும் என்று குனிந்தேன். விரல்கள் என் முகத்தைத் தேடி வந்தன. புருவ மேடு. நெற்றிப்பொட்டு. காதுக்குப் பின்னால் குமிழ். பிடரி வரை போய், அங்கே நின்றன.

"மேடு இருக்கு. மதினிதான்" என்றாள். "அக்கா?"

"இங்கனதான் கெடக்கேன். இந்த ஊரு வெயில்லதான் சாவேன் போலருக்கு" என்றாள் கருப்பம்மா.

சுகுணாவின் உதடு சிரித்தது. கை என் பிடரியிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்தபோது, கேட்டாள்.

"அவருக்கு என்ன சட்ட போட்டு அனுப்புனீங்க மதினி?"

நான்கு மாதத்தில் அவனைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. பொங்கலுக்கு எடுத்த நீலச் சட்டை என்றேன்.

"அதுல ரெண்டாவது பொத்தான் இல்லையே."

"நான் தைச்சுட்டுத்தான் போட்டேன் சுகுணா."

"நல்லது" என்றாள். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வந்து, கட்டுத் துணிக்குள் இறங்கியது. நானும் அப்போதுதான், அவன் போன பிறகு அப்போதுதான், சத்தம் வர அழுதேன். கருப்பம்மா எங்கள் இருவரையும் தடுக்கவில்லை. யார் யார் வந்தார்கள், எந்த இடத்தில் புதைத்தோம், மழை எப்போது விட்டது என்று ஒவ்வொன்றாகச் சுகுணா கேட்டாள், ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "கொஞ்சம் தூங்கறேன் மதினி" என்றாள். உடனே தூங்கியும்விட்டாள்.

தலையில் கயிறு மாட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சுகுணாவுக்கு இப்போது எஸ்டேட்டின் பிள்ளைக் காம்பராவில் வேலை. அம்மாக்கள் மலைக்குப் போகும்போது குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போகிறார்கள். முடி வளர்ந்துவிட்டது. எலும்பு சேர்ந்த இடத்தில் விரலுக்குத் தட்டுகிற ஒரு வரப்பு இருக்கிறது. ராஜப்ரியாவின் மகள் நடக்கப் பழகும்போது சுகுணாவின் தலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்பாள். போன வாரம் போயிருந்தேன். குழந்தையின் கை இடப்பக்கம் பலமாக ஊன்றியது. நான் பதறி எழுந்தேன். சுகுணா அசையவில்லை. தன் பங்குக்கு அந்தக் குழந்தையின் முன்னுச்சியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு முன்னால இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு மதினி" என்றாள். "மூடட்டும், மெதுவா."