கேஸ்ட்ரிக் குடும்பம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனம் என்று ஒன்று கிடையாது. வயிறு மட்டும்தான். தலை சுற்றினால் பித்தம், தூக்கம் வராவிட்டால் உடம்புச் சூடு, நெஞ்சு அடித்துக்கொண்டால் கேஸ்ட்ரிக், அதாவது வாயு.

எனக்கு அது முதன்முதலாக வந்தபோது ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். லிட்டில் இந்தியாவுக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன். தீபாவளிக்குச் சாமான் வாங்கப் போகிற கூட்டம். திடீரென்று நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகவில்லை. சாகப்போகிறேன் என்று தோன்றியது என்று சொன்னால் பொய். சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையில சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டார்.

அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு மளிகைக் கடையையே எனக்குள் இறக்கினார்கள். ஓமத்தண்ணீர், சுட்ட பூண்டு, இஞ்சிச் சாறு, பெருங்காயம் கலந்த மோர். ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அண்ணனுக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன்ல? கேஸ்ட்ரிக்தான்லா."

கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடம்பு ஆபத்து வந்ததுபோல் நடந்துகொள்கிறது. பத்து இருபது நிமிடத்தில் அடங்கிவிடும், ஆளைக் கொல்லாது. ஆனால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் அடங்காது. அந்தப் பயம்தான் ஆளை வீட்டோடு கட்டிப்போடும். என்னை அப்படித்தான் கட்டிப்போட்டிருந்தது. நான் குடியிருக்கும் பூன் லேயிலிருந்து ஊருக்குள் வர ரயிலை விட்டுவிட்டு பஸ் மாறி மாறிப் போனேன், கேட்டவர்களிடம் வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்றேன். தினம் ஒரு மாத்திரையும், மாதக்கணக்கில் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிய பேச்சும்தான் என்னை மறுபடி ரயிலில் ஏற்றின. நோய் குறைந்தது. போகவில்லை.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "வெளியில சொல்லித் தொலைக்காத. நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு" என்றார். அவர் மகளுக்கு அப்போது ஆறு வயது.

பன்னிரண்டு வருடமாக அந்தக் குடும்பத்தை நான் மனதார இகழ்ந்து வருகிறேன். அதில் ஒரு சுகம்கூட இருந்தது. என் அலுவலகத்தையும் விட்டுவைக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அங்கே மனநல வாரம் கொண்டாடுவார்கள். கழுத்தில் மைக் மாட்டிய ஒருவர் வந்து, கவலைப்படாமல் இருந்தால் கவலை வராது என்று ஒரு மணி நேரம் விளக்குவார். போகும்போது ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், அமுக்கிக்கொள்ள.

இப்படி எல்லாரையும்விட நான் மேல் என்ற நினைப்போடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் மொழிபெயர்க்கப் போக ஆரம்பித்தேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், கடைக்கு மேல் மாடியில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவசமாக மருத்துவம் பார்க்கிறார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் போதாது, நடுவில் நான். சேவை என்று சொல்லிக்கொள்வேன். ஞாயிறு வீட்டில் இருந்தால் அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வந்துவிடுவார் என்பதும் ஒரு காரணம்.

போன வருடம் ஒரு ஞாயிறு, முப்பது வயது இருக்கும், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன் ஒருவன் வந்தான். துவாஸ் கப்பல் பட்டறையில், உயரமாகக் கட்டிய சாரத்தில் நின்று கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. பெஞ்சில் உட்காரவைத்து என்ன தொந்தரவு என்று கேட்டேன்.

"மேல சாரத்துல ஏறி நின்னா நெஞ்சு படபடன்னு அடிக்குது அக்கா. கை வெறைச்சுப்போகுது. செத்துருவேன்னே தோணுது. கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. இப்பல்லாம் ஏறணும்னு நெனச்சாலே வந்துடுது."

என் நோயை வேறொருவர் வாயால் அவ்வளவு சுத்தமாக நான் கேட்டதே இல்லை. உள்ளே டாக்டர் கூப்பிட்டதும் அவன் எழுந்தவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அக்கா, டாக்டர்கிட்ட கேஸ்ட்ரிக்னு மட்டும் சொல்லிருங்க. மனசு கினசுன்னு எழுதினாங்கன்னா கம்பெனியில டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவாங்க."

டாக்டர் சின்னப் பெண். என்ன தொந்தரவு என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சாப்பாட்டு நேரம் தவறுகிறது, நெஞ்செரிச்சல், கேஸ்ட்ரிக் என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காரத்தைக் குறைக்கச் சொன்னார், வயிற்றுப்புண் மாத்திரை கொடுத்தார். அவன் மாத்திரைப் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். மறுநாள் காலை மறுபடி சாரத்தில் ஏறப்போகிறான்.

அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார் டாக்டர். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். கீழே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கைப்பையைத் திறந்து என் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"தம்பி, உங்களுக்கு வந்திருக்கிறதுதான் எனக்கும். பதினோரு வருஷமா இருக்கு. இதுக்கு மருந்து இருக்கு. வாங்க, மேல போய் உண்மையைச் சொல்லிடலாம்."

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உங்க ஆபீஸ்ல தெரியுமா அக்கா?"

"தெரியாது."

"என்னன்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "கேஸ்ட்ரிக்னு."

அவன் சிரித்தான். கேலியாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சொந்தக்காரியைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி சிரித்தான். "நீங்க எவ்வளவு உயரத்துல நின்னு வேலை பாக்குறீங்க?" என்று கேட்டான்.

"உட்கார்ந்துதான்" என்றேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் கொடுக்கிற எம்சி, அதாவது மருத்துவ விடுப்புத் தாளில் நோயின் பெயரே இருக்காது. யாரும் கேட்டதும் இல்லை. நானாக முந்திக்கொண்டு சொன்ன பொய் அது. என் வேலைக்கு ஆபத்து இல்லை, தலைக்கு மேலே கூரை இருக்கிறது, தவறி விழுந்தால் நாற்காலியிலிருந்துதான் விழுவேன். அவனுக்கு அப்படியில்லை. ஜன்னலைச் சாத்திய அண்ணனுக்காவது ஒரு மகள் இருந்தாள். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

"மருந்து இருக்குன்னீங்கல்ல?" என்று கேட்டு, அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு அவனே படியேறினான். நான் பின்னால் போனேன். டாக்டரிடம் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். இவருக்கு இருப்பது எனக்கும் இருக்கிறது, அதனால் தெரியும் என்றும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, இனி இப்படிச் செய்யாதீர்கள், அவர் கீழே விழுந்திருப்பார் என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்ட எனக்கு ஆபீஸ் ரப்பர் பந்து எதுவும் உதவாது.

பிறகு முழுக்கக் கேட்டு, மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்குத் தனியாக ஒரு கடிதம்: உயரத்தில் வேலை வேண்டாம். காரணம் எழுதவில்லை.

கம்பெனியில் அவனைச் சாரத்திலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். இப்போது பெயிண்ட் டின் கழுவுகிறான், ஓவர்டைம் போய்விட்டது, சம்பளம் குறைவு. இன்னும் ஊருக்கு அனுப்பவில்லை. மாத்திரை சாப்பிடுகிறான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற நாலு பேரிடம் தனக்கு என்ன நோய் என்று சொல்லிவிட்டானாம். அதில் ஒருவன் அடுத்த வாரமே என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

நான் போன செவ்வாய்க்கிழமை என் டாக்டரைப் பார்க்க அரைநாள் லீவு போட்டேன். பக்கத்து மேசைக்காரி தலையை நீட்டி, மறுபடியும் கேஸ்ட்ரிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கஞ்சி வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன்.

ஞாயிறுதோறும் அவனிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வரும். இந்த வாரமும் வந்திருக்கிறது: "அக்கா, உங்க கேஸ்ட்ரிக் எப்படி இருக்கு?"