சாமி படத்துக்குப் பின்னால் வைத்த பிலிம்

நம்பினால் நம்புங்கள். இல்லையென்றால் என் வலக்கையை வந்து பாருங்கள்.

1953. மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே உதவியாளராக இருந்தேன். கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் சண்டை நடந்த அவசரகாலம். தோட்டங்களில் சுடப்பட்டவர்கள் லோரியில் வந்துகொண்டே இருப்பார்கள். துடிப்பவர்களைப் படம் எடுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. வெறுங்கையால்தான். எனக்கு முன் அதைச் செய்த வீரமுத்து செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் அவரைப் பார்த்ததில்லை.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிலிம் இருக்க வேண்டும். தபால் அட்டை அளவு, கறுப்புத் தாளில் சுற்றி, மேலே ஒரு காகித கிளிப். இரண்டு வாரம் கழித்துக் கழுவுவோம். பிலிம் கறுத்து, கிளிப் வெள்ளையாகத் தெரிந்தால் உடம்பில் கதிர் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலை போய்விடும். மனைவி ஜானகிக்கு ஏழு மாதம். வேலை போனால் நான் விட்டு வந்த தோட்டத்துக்கு, அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்குத்தான் திரும்ப வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா? பிலிமைத் தெங்கேராவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். சாமி பார்த்துக்கொள்ளும் என்று.

ஜூலை 14, செவ்வாய். மாலை மணி 3.40. இருட்டறையில், சிவப்பு விளக்கின் மங்கலில் தனியாக நின்று அந்தப் பிலிமைக் கழுவினேன். வெறுமையாக வர வேண்டும்.

டக். டக். டக்.

"இருங்க, வர்றேன்" என்றேன்.

டக். டக்.

கதவு என் முதுகுப் பக்கம். சத்தம் முன்னால் கேட்டது... மருந்துத் தொட்டிக்குள்ளிருந்து.

பிலிமைத் தூக்கினேன். கன்னங்கரேலென்று இருந்தது. நடுவில் வெள்ளைக் கிளிப்.

கிளிப்பைப் பிடித்தபடி... விரல் எலும்புகள்.

வலக்கை. ஆள்காட்டி விரல் இல்லை. நடுவிரல் இல்லை.

என் விரல்களை எண்ணினேன். ஐந்து.

ஓடினேன்.

வீரமுத்துவின் கைதான் என்று நினைத்தேன். காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ரஹீம் நானாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அவருக்குப் பத்து வெரலும் இருந்துச்சு தம்பி. கடைசியா துணி போத்துனதே நாந்தான். ரத்தம்தான் கெட்டுப்போச்சு. அவரும் பிலிம வீட்லதான் வெச்சிருந்தாரு லா."

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. வேறு வெற்றுப் பிலிமைக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். கறுத்த பிலிமை மறுபடியும் முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

1959இல், ஆறாத புண் என்று என் வலக்கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பிலிமைத் தேடி எடுத்தேன். கையை அதன்மேல் வைத்தேன். வெட்டிய இடம் எலும்புக்கு எலும்பு பொருந்தியது.

நேற்றுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பிலிமில் மோதிர விரலுக்கும் நுனி இல்லை.

என் மோதிர விரலில் ஒரு வாரமாகப் புண்... ஜானகியிடம் இன்னும் சொல்லவில்லை.