கணக்கெடுப்பில் செத்தவன்

ஒடெஸா பிராட் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. கடையில் மாவு வாங்கினால் மூட்டையின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். பாதிரியார் ஜெபத்தை நீட்டினால் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பாள். பிறவியிலேயே அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஒன்பது வயதில் அவள் ஒன்றைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

அமெரிக்காவின் தென்பக்கம், எங்கள் பிளாக்ஜாக் கவுண்டி என்கிற மாவட்டத்தில் அப்போது எல்லாமே மூன்று. கோர்ட்டில் மூன்று தண்ணீர்க் குழாய், ஊருக்கு மூன்று பள்ளிக்கூடம். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று, சதுப்புக்காட்டு ஓரம் இருக்கிற செவ்விந்தியர்களான எங்களுக்கு ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சேரவேண்டுமானால் எங்கள் பெரியவர்கள் மூன்று பேர் கொண்ட கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பன் யார், அவனுக்கு அப்பன் யார் என்று நான்கு தலைமுறை கேட்பார்கள். யாராவது ஒருவர் "அவங்க பாட்டன் நம்ம ஆளு இல்லை" என்று சொல்லிவிட்டால் போதும். ஒடெஸாவின் சித்தி பிள்ளைகள் ஐந்து பேரை அப்படித்தான் வெளியே அனுப்பினார்கள். சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்கள் நடந்துபோனதை இவள் பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்த்தாள். அந்தக் குடும்பம் ஆற்றுக்கு அப்பால் போய்விட்டது. வெள்ளைக்காரன் போட்ட வேலிக்கு எங்கள் ஆட்களே காவல் நின்றார்கள். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும்.

இப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது வெளியூர்க்காரனை. ஆன்செல், மர அறுப்பு ஆலையில் வேலைக்கு வந்தவன். முதல் நாளே ஊர் வழக்கப்படி கேட்டாள். "உன் ஆளுங்க யாரு?"

"இந்தச் சதுப்புக்காட்டு ஆளுங்கதான். எங்கப்பா பேரு ஹோசியா. பைன் பிசின் இறக்கற வேலைக்கு ஜார்ஜியா போனவர், அங்கேயே செத்துட்டார்."

கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. ஆளை மட்டும் பிடித்துப்போனதால் கட்டிக்கொண்டாள். அவன் நிறம் ஒரு படி கறுப்பு, தலைமுடி சுருட்டை. கல்யாணத்துக்கு அப்புறம் அவன் புகையிலை வயலுக்குப் போன நேரம் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு சட்டை, ஒரு சீப்பு. சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்பச் சிக்கவைத்தாள். ஏழு வருஷக் குடித்தனத்தில் இது ஒரு தடவை நடந்ததல்ல.

1950 வசந்தத்தில் அவர்கள் மகள் லூராவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதே சமயம் ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் வந்து சேர்ந்தது. கணக்கெடுக்கிற டால்பர்ட் என்ற வெள்ளைக்காரர் வீடு வீடாக வருகிறார், ஆளைக் கண்ணால் பார்த்தே என்ன இனம் என்று எழுதிக்கொள்கிறார் என்று பேச்சு. அந்தத் தாள் கோர்ட்டிலிருந்து நேரே பள்ளிக் கமிட்டியிடம் போகும் என்று ஒடெஸா தானாகவே முடிவுகட்டினாள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆன்செலைப் பார்த்தால் டால்பர்ட் கறுப்பர் என்று எழுதிவிடுவார், லூராவும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். இதை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு மிட்டியின் பட்டியில் தன் பன்றியைக் கொண்டுபோய் அடைத்தாள். மிட்டி ஏன் என்று கேட்டதற்கு, "எங்க வேலி பிஞ்சிருக்கு" என்றாள். திரும்பி வந்து புருஷனிடம் மூக்கைச் சிந்தினாள்.

"பன்றியைக் காணோம். காட்டுக்குள்ளதான் போயிருக்கும், குட்டி போடற நேரம் வேற."

"புகையிலை நாத்து பிடுங்கணுமே, டெஸ்ஸா."

"நாத்து எங்க ஓடிடப் போகுது? பன்றிதான் ஓடுது."

அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு சதுப்புக்காட்டுக்குள் போனான். அன்று மத்தியானம் டால்பர்ட் வந்தார். ஒடெஸாவைப் பார்த்தார், லூராவைப் பார்த்தார், எழுதினார்.

"குடும்பத் தலைவர் யாரும்மா?"

"நான்தான் ஐயா."

"வீட்டுக்காரர்?"

"செத்துட்டார்."

டால்பர்ட் துணி காயும் கொடியைப் பார்த்தார். அங்கே ஆம்பளை உடுப்பு ஒன்று, துவைத்த ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது?"

"அவரோடதுதான். தூக்கிப் போட மனசு வரலை. அப்பப்போ துவைச்சு வெப்பேன்."

மனுஷர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். லூரா வாயைத் திறக்கப் போனாள். அம்மா அவள் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள்.

டால்பர்ட் அடுத்துப் போனது மிட்டி வீட்டுக்கு. "பாவம், பக்கத்து வீட்டு விதவை," என்று அவர் உச்சுக்கொட்டியிருக்கிறார். மிட்டி காலையில்தான் ஆன்செல் கயிற்றோடு போவதைப் பார்த்தவள். பன்றியோ அவள் பட்டியில் கிடக்கிறது. அவருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டாள், அவர் போனதும் அந்த வாயை மூடவே இல்லை.

அந்த ஞாயிறு ஈஸ்டர், ஏசு உயிர்த்தெழுந்த நாள். ஆன்செல் நன்றாக மழித்துக்கொண்டு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வந்தான். வாசலில் நின்ற மிட்டியின் புருஷன் கையை நீட்டினான்.

"வாப்பா ஆன்செல். இந்த வருஷம் ரெண்டு பேர் எழுந்துட்டீங்க போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னவென்று கேட்டு அவன் தெரிந்துகொண்டான். ஒடெஸாவுக்குக் காது சுட்டது. ஆராதனை முடியும்வரை அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்துதான் பேசினான்.

"ஒரு நாள் பூரா முழங்கால் சேத்துல நின்னு பன்றியைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"பிள்ளைக்காகத்தான் செஞ்சேன். நீ யாருன்னு எனக்குத் தெரியணுமா இல்லையா?"

"நான்தான் முதல் நாளே சொன்னேனே. என் சீப்பு வேற என்ன சொல்லிச்சு?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது.

மறுவாரம் கமிட்டி கூடியது. மூவரில் மூத்தவர் ரூஃபஸ், எல்லோருக்கும் மாமா. ஒடெஸாவின் வம்சத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஆன்செலைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கப்பன் பேரு?"

"ஹோசியா."

"ஹோசியா ஆயிரம் பேர் இருக்கான். அவனுக்குக் காது எப்படி?"

"இடது காது பாதிதான் மாமா. சின்ன வயசுல கோவேறு கழுதை கடிச்சுதாம்."

ரூஃபஸ் மற்ற இருவரையும் பார்த்தார். "அந்தக் கழுதை எங்க வீட்டுது. கடிச்சதுக்கு எங்கப்பாதான் கட்டுப்போட்டார். அவன் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் நம்ம மயானத்துலதான் இருக்காங்க. பிள்ளையைச் சேத்துக்கோங்க."

அவ்வளவுதான். ஒடெஸா அழுதாள். அழுகையோடு அழுகையாகக் கேட்டாள். "அப்போ அந்தக் கணக்கெடுப்புத் தாள், மாமா?"

"எந்தத் தாள்?"

"டால்பர்ட் எழுதினது. உங்ககிட்ட வருமே."

"வெள்ளைக்காரன் எழுதறதை எங்ககிட்ட எவன் காட்டறான்? நாங்க எந்தக் காலத்துல தாளைப் பார்த்தோம்?"

மறுநாள் விடிந்ததும் ஒடெஸா பதினோரு மைல் நடந்து கோர்ட்டுக்குப் போனாள். டால்பர்ட் அடையாளம் கண்டு எழுந்து நாற்காலி போட்டார். அது அவளுக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

"ஐயா, என் வீட்டுக்காரர் உயிரோடதான் இருக்கார். மாத்தி எழுதணும்."

"தாள் எல்லாம் கட்டி அனுப்பியாச்சும்மா. வாஷிங்டன் போயிடுச்சு," என்றார்.

"அங்க யாரு பார்ப்பாங்க?"

"தலை எண்ணிக்கையைக் கூட்டிப்பாங்க. பேரை யாருக்கும் காட்டக்கூடாது, அது சட்டம். பள்ளிக்கூடத்துக்கும் கிடையாது, போலீசுக்கும் கிடையாது. யாருமே பார்க்கப் போறதில்லை, கவலைப்படாதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். யாருமே பார்க்காத தாளுக்காகப் புருஷனைக் கொன்றிருக்கிறோம் என்ற நினைப்பு மட்டும் பதினோரு மைலும் அவள் கூடவே திரும்பி வந்தது.

ஆன்செல் அவளை அடிக்கவில்லை, விட்டுப் போகவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் மட்டும் தட்டை நீட்டுவான். "செத்தவனுக்கும் கொஞ்சம் கீரை போடு." லூரா சிரிப்பாள், அவனும் சிரிப்பான். ஒடெஸா பெரிய சோள ரொட்டியாகப் பார்த்து எடுத்து வைப்பாள். பதினெட்டு வருஷம் அந்தப் பேச்சு ஓயவில்லை. அவன் சீப்பை அவள் அப்புறம் தொட்டதே இல்லை. மாவு மூட்டையைத் துழாவுவதை மட்டும் விடவில்லை.

1968 இல் ஆன்செல் நெஞ்சுவலியில் நிஜமாகவே போய்விட்டான். சவ அடக்கம் செய்கிறவர் இறப்புச் சான்றிதழ்த் தாளோடு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். அவன் சாப்பிடுகிற இடத்திலேயே உட்கார்ந்தார். பெயர், வயது எழுதினார். இனம் கேட்டார்.

"எங்க ஆளு. ஹோசியா மகன். இந்தச் சதுப்புக்காட்டு ஆளு."

எழுதினார். மேலே எழுதப்போன கையை ஒடெஸா பிடித்துக்கொண்டாள்.

"எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க."

"சரியாத்தாம்மா எழுதியிருக்கேன்."

"படிங்க."

அவர் முதலிலிருந்து படித்தார். கல்யாணமானவரா என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது. அதன் மேல் அவள் விரலை வைத்தாள்.

"ஆனவர். நேத்து சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருந்தார். அதையும் எழுதுங்க."

"அதுக்கு இதுல இடம் இல்லையேம்மா."

"ஓரத்துல எழுதுங்க," என்றாள் ஒடெஸா. அவர் எழுதி முடிக்கிறவரை விரலை எடுக்கவில்லை.