மஞ்சள் நீராடிய எட்டு அம்புகள்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். விஜயதசமியன்று காலை ஒன்பது மணிக்கு ஏறினேன். வெங்காய மூட்டையோடு வந்த ஓர் அம்மாள் பாதி சீட்டிலும் பாதி என் மேலும் உட்கார்ந்துகொண்டார்.

"யார் வீட்டுக்கு வாரீக?" என்றார் ஓட்டுநர்.

"செல்வராணி வீட்டுக்கு. மெட்ராஸிலிருந்து வருகிறேன், அம்புக்குத் தண்டு வாங்க."

"எங்கூருக்குப் பருத்தி வாங்க வருவாக, கரி வாங்க வருவாக. அம்பு வாங்க மெட்ராஸ்ல இருந்து வந்தது நீங்கதேன்!"

சிரிக்கட்டும். திருவான்மியூரில் குடியிருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மர வில் பழகுகிறவள் நான். கடல் காற்றுப் பட்டால் என் அம்புகள் ஒரு மாதத்தில் வளைந்துவிடும். குறி தவறினால் அம்பைத் திட்டுவேன்; பாதி நேரம் அதில் நியாயமும் உண்டு. கூரியரில் வந்த செல்வராணியின் தண்டுகள் மட்டும்தான் கடைசிவரை நேராக நின்றன. அதனால் இந்த முறை ஒரு டஜன் தண்டை நேரிலேயே வாங்கிக்கொள்ளக் கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் சீமைக்கருவேலம், நடுநடுவே பருத்தியும் கம்பும். முந்தின இரவு தூறியிருந்ததால் கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு வந்தது. வீட்டை யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் தெருமுனைக்கே கேட்டது.

"ஏங்க, மஞ்சணத்தி மரமே மஞ்சளாத்தான இருக்கு! அதுக்கு எதுக்குங்க மஞ்சத் தண்ணி?"

கத்தியவர் செல்வராணி. தலை குனிந்து நின்றவர் அவர் கணவர் ராமராஜ்.

அன்று மாலை ஊர்ப் பொட்டலுக்குச் சாமி குதிரை வாகனத்தில் வந்து அம்பு போடும். சாமிக்காகப் பூசாரி எட்டுத் திசைக்கும் எய்வார். போன வருடம் டவுனில் வாங்கிய அம்பு பூசாரியின் காலடியிலேயே விழுந்து ஊரே சிரித்திருக்கிறது. "நான் செஞ்சு தாரேன், கிழக்கால நிக்கிற புளியமரத்தையே தாண்டும்" என்று செல்வராணி ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டார். தாண்டாவிட்டால் அவ்வளவுதான், காலத்துக்கும் ஊர் சொல்லிச் சிரிக்கும்.

மஞ்சணத்தி மரத்தை நார் ஓடும் திசை பார்த்துப் பிளந்து, வளையாமல் இருக்க இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டி நிழலில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு, இழைத்து, எட்டுத் தண்டுகளை முந்தின நாள்தான் முடித்திருந்தார். சாமிக்குப் போகிற பொருள் குளிக்காமல் போகலாமா? ராமராஜ் ராத்திரியோடு ராத்திரியாக எட்டையும் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். விடிந்து பார்த்தால் எட்டும் வளைந்து நின்றன.

"பக்தியில செஞ்சுட்டேன் தாயி," என்றார் என்னிடம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செல்வராணி சிரிக்கவில்லை.

கரியை அள்ளிப் போட்டுத் தணல் மூட்டினார்கள். விளக்கெண்ணெய் தடவிய தண்டைத் தணலுக்கு மேலே உருட்டிச் சூடேற்றி, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக முழங்காலில் வைத்து அழுத்த வேண்டும். ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். ஆறியதை, பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடிமேல் உருட்டிப் பார்ப்பார் செல்வராணி. நேரான தண்டு சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது தடதடவென்று குதிக்கும்.

"அக்கா, நீங்க ஒண்ணப் புடிங்க. விட்றாதீக!"

பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். மூன்று முறை சீக்கிரமே விட்டு மூன்று முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் ராமராஜுக்குத் திட்டிலிருந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

மதியம் இரண்டு மணிக்குள் ஏழு தண்டுகள் சத்தமில்லாமல் உருண்டன. எட்டாவது மசியவில்லை. செல்வராணியின் முகம் வாடிவிட்டது. எனக்கென்று மூலையில் தயாராக இருந்த தண்டுக் கட்டைக் காட்டி, "இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்," என்றேன்.

"அது உங்களுக்குன்னு செஞ்சதுக்கா."

"எனக்குப் பதில் சாமி எய்யட்டும். குறியாவது தவறாது."

அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். தறி நூலால் மயிலிறகைக் கட்டி, முனை செருகி, எட்டையும் கோயிலுக்குக் கொடுத்தனுப்பினோம்.

சாயங்காலம் பொட்டலில் நிற்க இடமில்லை. பூசாரி கிழக்கே பார்த்து முதல் அம்பை நாணில் தொடுத்தார். செல்வராணி என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அம்பு பறந்தது. ஆடவில்லை, அசையவில்லை. புளியமரத்தின் உச்சிக்கு மேலே போய் அந்தப் பக்கப் பருத்திக் காட்டில் இறங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தனை சந்தோஷம்.

சாமி அம்பு வீட்டில் இருந்தால் வெள்ளாமை செழிக்குமாம். ஆண்கள் எல்லாம் காட்டுக்குள் பாய்ந்தார்கள். எங்கள் பயிற்சி மைதானத்தில் எய்த அம்பை எடுத்துவர ஒருவரை ஒருவர் கைகாட்டுவோம். இங்கே அம்பைவிட ஆட்கள் வேகமாக ஓடினார்கள். நான் பதினொரு தண்டுகளோடு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ராமராஜ் வந்து சேர்ந்தார். தலை முதல் கால்வரை கரிசல் சேறு. கையில் அந்த முதல் அம்பு. அதை மனைவியிடம் நீட்டினார்.

செல்வராணி அதை முந்தானையால் துடைத்தார். ஒரு கண்ணை மூடி, முனையிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு கணவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்தாங்க. இனி எம்புட்டு வேணும்னாலும் குளிப்பாட்டுங்க."