பிடி என்றால் விடு

பல வருஷத்துக்கு முன்னால், அந்தக் கயிற்றில் முதலில் நின்றது பெருமாள். அடுத்து அவன் தம்பி கோவிந்தன். பிறகு சின்னசாமி. அப்புறம் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் நெட்டை ஏழுமலை. ஏழுமலைக்குப் பின்னால், கயிற்றின் வால் நுனியில், நான்.

போன வாரம் மகன் வீட்டுக்குப் புது பீரோ வந்தது. படிக்கட்டில் திரும்பவில்லை. கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். ஆள் காணாது என்று நானும் கீழே ஒரு கை போட்டேன். பீரோ மேலே போய்ச் சேர்ந்ததும் மகன் பால்கனியிலிருந்து கன்னடத்தில் கத்தினான். "பிடி, பிடி!" எல்லோரும் கயிற்றை விட்டார்கள். நான் விடவில்லை.

"அம்மா, விடும்மா! மைசூருக்கு நேத்துத்தான் வந்தியா?" என்று சிரித்தான்.

உள்ளங்கையில் தேங்காய் நார் வாசனை. அதை முகர்ந்துகொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குக் கன்னடம் தெரியாவிட்டால் சொல்லிவிடுகிறேன். அதில் ஹிடி என்றால் பிடி. பிடி என்றால் விடு. கடையிலும் பஸ்ஸிலும் கன்னடம்தான் பேசுகிறேன். பால்காரரிடம் சண்டை போடுவதும் கன்னடத்தில்தான். கயிறு கைக்கு வந்தால் மட்டும் காது தமிழாகிவிடுகிறது.

நாங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தபோது மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்த புதிது. பல தேசத்துக்காரர்கள் மைசூரில் வாலிபால் ஆட வருகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சாலையோர மரங்களுக்கு வெள்ளையும் காவியும் பட்டை அடித்தார்கள். ஜட்கா வண்டிகளுக்குப் புதுத் துணி கட்டினார்கள். நாங்கள் சாப்பிடும் ஓட்டலுக்கு டீ குடிக்க வரும் ஜட்காக்காரர் ஒருவர், "கம் சார், பேலஸ் சார்" என்று குதிரையிடமே சொல்லிப் பழகுவார். குதிரை தலையை ஆட்டும். வெள்ளைக்காரர்களுக்காக என்று ஓட்டலில் சாம்பாரில் காரத்தைக் குறைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் அந்த ஓட்டலுக்கு வரவில்லை. அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டது நாங்கள்தான்.

எங்களுக்கு மைதானத்தில் வேலை. ஜனங்கள் உட்காரும் காலரிப் படிகள் கட்டினோம். நான் சித்தாள். சாந்துச் சட்டி சுமந்தேன். மேஸ்திரி கொள்ளேகாலத்துக்காரர், இரண்டு பாஷையும் வரும். ஓவர்சியர் கன்னடத்தில் சொல்வதை அவர்தான் எங்களுக்குத் தமிழில் சொல்வார். முதல் நாளே ஒன்று சொன்னார். "ஆட்டம் ஆரம்பிச்சுட்டா நம்ம ஆளுக உள்ள வரப்படாதுங்க. கேட்டுல போலீஸ் நிக்கும்."

எனக்கு அது ஒப்பவில்லை. நான் சுமந்த சாந்தில் கட்டிய படி. அதில் ஒரு தடவையாவது நான் உட்கார வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உக்காந்து?" என்றார்.

"ஆட்டம் பாக்கணும்."

பீடி பற்றவைத்தார். எங்கள் வீட்டில் இதுவே நீளமான பேச்சு.

கடைசி வேலை கொடிக்கம்பம். இரும்புக் கம்பம், பனை உயரம், காலரியை ஒட்டி. அடியைக் குழியில் இறக்கி, நாலு பக்கமும் கயிறு கட்டி நிமிர்த்த வேண்டும். மூன்று பக்கம் உள்ளூர் ஆட்கள். காலரிக்கு எதிர்ப்பக்கம் எங்கள் ஆட்கள். கம்பம் பாதி எழும்போதே அவர்கள் கால் சறுக்குவது தெரிந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றின் நுனியைப் பிடித்தேன்.

ஏழுமலை திரும்பினான். "அக்கா, பொடவ கால்ல மாட்டிக்கப் போவுது."

"நீ முன்னாடி பாரு."

கம்பம் நிமிர்ந்தது. அடியில் ஆப்பு அடித்தார்கள். மேஸ்திரி வெற்றிலை வாங்கப் போயிருந்தார். ஓவர்சியர் அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "பிடி, பிடி" என்றார். உள்ளூர் ஆட்கள் கயிற்றை விட்டார்கள். நாங்கள் இறுக்கினோம். அவர் எங்களைப் பார்த்துக் கத்தினார், "பிடி!" இன்னும் இறுக்கினோம். அவர் கத்தக் கத்த நாங்கள் குதிகாலை மண்ணில் ஊன்றினோம். என்ன மனுஷன் இவர், இதற்குமேல் எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் கோபம்.

அப்போதுதான் ஆப்பு ஒன்று தெறித்தது. கம்பம் காலரிப் பக்கம் சாய்ந்தது. மேல்படியில் பெயிண்டர் ஒருவர் இடத்துக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். டப்பாவைப் போட்டுவிட்டு அப்படியே குத்துக்காலிட்டார். கயிறு என் கையை உரித்துக்கொண்டு கொஞ்சம் ஓடியது. பிறகு நின்றது. கம்பமும் நின்றது. மற்றவர்கள் ஓடிவந்து அவரவர் கயிற்றைப் பிடித்து நிமிர்த்தினார்கள்.

ஓவர்சியர் வந்தார். "யாக்கெ பிட்லில்லா?" என்றார். ஏன் விடவில்லை என்று கேட்கிறார். அது எங்களுக்கு எங்கே புரிந்தது? மறுபடியும் பிடிக்கச் சொல்கிறாரோ என்று சின்னசாமி கயிற்றைக் கையில் எடுத்தான்.

மேஸ்திரி வந்து எங்களை விசாரித்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். ஓவர்சியரிடம் கன்னடத்தில் சொன்னார். ஓவர்சியர் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

"நல்லவேளைங்க, நான் இல்லாமப் போனேன்," என்றார் மேஸ்திரி. "இருந்திருந்தா விடச் சொல்லியிருப்பேன்."

"நாம இழுத்த இழுப்புலதான் ஆப்பே கழண்டுச்சோ என்னமோ," என்றான் கோவிந்தன் மெதுவாக.

"வாய மூடு," என்றான் பெருமாள்.

கயிறு பிடித்தவர்களுக்கு முதல் நாள் ஆட்டத்துக்குப் பாஸ் என்று ஓவர்சியர் சொல்லி அனுப்பினார். நான் அன்றைக்கே நல்ல சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன். மறுநாள் மேஸ்திரி பாஸ் கொண்டுவந்தார். ஐந்து. ஏழுமலையின் முதுகுக்குப் பின்னால் என்னை ஓவர்சியர் பார்க்கவில்லை. சட்டியை எடுத்தேன்.

பெருமாள் பாஸ்களை வாங்கவில்லை. "அஞ்சு பேரா போவ மாட்டோம், மேஸ்திரி."

மேஸ்திரி ஓவர்சியரையே கூட்டிவந்தார். கயிற்றில் பொம்பளையா என்று அவர் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க," என்றார். ஓவர்சியர் பார்த்தார்.

முதல் நாள் ஆட்டத்துக்கு அவரே கேட்டில் வந்து நின்றார். நான் சாயம் போகாத ஒரே சேலையைக் கட்டியிருந்தேன். உள்ளே போய் மூன்றாவது படியில் உட்கார்ந்தோம். கம்பத்து உச்சியில் கொடி ஏறியது. ஊரே கை தட்டியது. நான் கொடியைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தேன். ஆடாமல் நின்றது.

இப்போது அந்தக் கம்பம் இல்லை. காலரியை இடித்துவிட்டு வேறு கட்டியிருக்கிறார்கள், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. ஜட்காக்காரர் இல்லை. ஓவர்சியர் இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. அந்தக் கேட் இருந்த இடத்தில் டிக்கெட் ஜன்னல். அந்த வழியாகப் பஸ்ஸில் போனால், அன்றைக்குப் போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டியது ஞாபகம் வரும்.

"எஷ்டு ஜன?" என்று கேட்டார். எத்தனை பேர்.

ஓவர்சியர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் சொன்ன பதிலுக்கு மேஸ்திரி தேவைப்படவில்லை. அந்த ஒரு சொல் கன்னடத்திலும் தமிழிலும் ஒன்றுதான்.

ஆறு.